உவர் மண்ணும் ஊறிய விதையும்

இடம்பெயர்ந்து வந்த இடத்தில் கொத்திப் பண்படுத்திய தோட்டத்தில் விதை முளைக்காவிட்டால், முதலில் குற்றஞ்சாட்டப்படுபவர் விவசாயியே. "தண்ணீர் ஒழுங்காக விடவில்லை", "நிவாரணத்துக்குப் பழகியவர்களுக்குத் தோட்டம் எதற்கு" என்றெல்லாம் பேசப்படுகின்றது. அடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்படுவது விதை. காலங்கடந்த விதை, கூடாத விதை என்று பைக்கற்றைத் தூக்கி எறிகின்றோம். கிணற்று நீரை மட்டும் எவரும் குற்றஞ்சாட்டுவதில்லை. காரணம், அதனை எவரும் அளந்து பார்த்ததில்லை.

எமது பகுதிகளில் இடம்பெயர்வு என்பது வீட்டை மாற்றுவது மாத்திரமல்ல. அது மண்ணையும் நீரையும் மாற்றுவதாகும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்கள் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்து கைதேர்ந்தவர்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு ஓடியவர்களும் அத்தகையவர்களே. இவர்களில் பலர் பின்னர் மணற்பாங்கான கரையோரங்களிலும், களப்பை அண்டிய தாழ்நிலங்களிலும் குடியேற நேர்ந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் கடலோரக் கிணறுகளுக்குள் கடல்நீர் புகுந்தது. 2009இன் பின்னர் ஊர் திரும்பியவர்களில் சிலர், பல ஆண்டுகளாக இறைக்கப்படாத கிணறுகளையும் பற்றை மண்டிய காணிகளையுமே கண்டார்கள். இன்னும் சொந்தக் காணி விடுவிக்கப்படாமல் குத்தகை நிலத்தில் பாடுபடுவோரும் உள்ளனர். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு பகைவன் உண்டு. அதுதான் உவர்.

இந்த உவரை எதிர்கொள்ள, விதைப்பதற்கு முன்னரே விதையைப் பரிகரிக்கும் எளிய முறையொன்று உண்டு. அதற்குச் செலவு இல்லை என்றே சொல்லலாம். எமது குடும்பங்கள் யாவும் இதனைக் கற்றுப் பயன்படுத்த வேண்டும் என்பது எமது கருத்து. அதேவேளை, இந்த முறையைக் காரணங்காட்டி உவர்க் காணியை ஏழைகளின் தலையில் கட்டுவதற்கு எவரும் முற்படக்கூடாது என்பதும் எமது கருத்து. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லவே இதனை எழுதுகின்றோம்.

விதை ஏன் தோற்றுப்போகின்றது?

உலர்ந்த விதை மண்ணில் விழுந்தவுடன் செய்யும் முதல் வேலை தண்ணீர் குடிப்பதுதான். முதற் சில மணித்தியாலங்களில் அது விரைவாக நீரை உறிஞ்சிப் பருக்கின்றது. பின்னர் நீர் உறிஞ்சுவது ஏறக்குறைய நின்றுவிடுகின்றது. பார்வைக்கு விதை சும்மா கிடப்பதுபோல் தோன்றினாலும், உள்ளே மாப்பொருள் கரைந்து உணவாகின்றது. பழுதுபட்ட கலங்கள் சீராகின்றன. இது முடிந்த பின்னரே முளைவேர் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகின்றது.

மண்ணில் உப்பு மிகுந்திருந்தால் முதற் கட்டமே குழம்பிவிடுகின்றது. மண் ஈரமாக இருக்கும். ஆனால் உப்பு அந்த ஈரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். விதைக்குப் போதிய நீர் கிடைக்காது. போதாதற்கு, உப்பிலுள்ள சோடியமும் குளோரைட்டும் உள்ளே சென்று இளங்கலங்களை நஞ்சூட்டுகின்றன. ஐந்து நாளில் முளைக்க வேண்டியது பத்து நாளுக்கு மேலும் இழுபடும். அதற்குள் எறும்பும் பூஞ்சணமும் பாதியை முடித்துவிடும். தப்பி முளைத்தவையும் ஒன்று உயர்ந்து ஒன்று குட்டையாக, ஒழுங்கின்றி நிற்கும்.

ஊறவைப்பதன் பயன்

விதையை நல்ல நீரில் குறிப்பிட்ட நேரம் ஊறவைத்து, முளைவேர் வெளிவருவதற்கு முன்னரே எடுத்து, நிழலில் உலர்த்தி, உடனே விதைப்பதுதான் இந்த முறை. முதல் இரண்டு கட்ட வேலைகளையும் விதை எமது வீட்டிலேயே, நல்ல நீரிலேயே செய்து முடித்துவிடுகின்றது. உவர் மண்ணுக்குள் போகும்போது அதற்கு மிஞ்சியிருப்பது முளைவேர் விடும் வேலை மட்டுமே. ஆபத்தான இடத்தில் அது கழிக்கும் நாட்கள் குறைகின்றன.

இது எமக்கு அந்நியமான வித்தையல்ல. நெல்லை ஊறவைத்து முளைகட்டி விதைப்பதை எமது வயற்காரர் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகின்றனர். பாகல், புடோல் விதைகளை ஊறப்போட்டு ஈரத்துணியில் முடிந்து வைக்கும் அம்மாமார் எத்தனை பேர்! விஞ்ஞானிகள் இதற்கு அளவும் நேரமும் கண்டு சொன்னார்கள், அவ்வளவுதான். வேல்ஸ் நாட்டின் பாங்கோர் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹரிஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 1990களில் இந்தியாவின் வறண்ட பிரதேச விவசாயிகளுடன் சேர்ந்து சோளம், நெல், கடலை விதைகளை இரவில் ஊறவைத்துக் காலையில் விதைத்துப் பார்த்தனர். பயிர்கள் முந்தி முளைத்தன, ஒழுங்காக நின்றன. அவர்களுடைய ஆய்வு 1999இல் வெளிவந்தது. பரீட்சையை நடத்தியவர்கள் விவசாயிகளே என்பது அதில் எமக்குப் பிடித்த விடயம்.

உவர் நிலத்துக்கென்று இன்னொரு படியும் உண்டு. வெறும் நீருக்குப் பதிலாக மெல்லிய உப்புக் கரைசலில் ஊறவைப்பது. கறியுப்பு, கல்சியம் குளோரைட்டு, பொற்றாசியம் நைத்திரேற்று ஆகியவற்றை ஆய்வாளர் பயன்படுத்தியுள்ளனர். 1990களில் ஸ்பெயின் நாட்டில் தக்காளி விதைகளிலும், 2003இல் வெளியான ஆய்வொன்றின்படி துருக்கியில் முலாம்பழ விதைகளிலும் கறியுப்புக் கரைசல் பரீட்சிக்கப்பட்டது. அவ்வாறு பரிகரித்த விதைகள் உவரான சூழலிலும் முந்தி வெளிவந்தன. எனினும் எந்தச் செறிவு, எவ்வளவு நேரம் என்பது பயிருக்குப் பயிர், இனத்துக்கு இனம் மாறுபடுகின்றது. ஆதலால் முதலில் வெறும் நல்ல நீரில் பழகுங்கள் என்பதே எமது ஆலோசனை. உப்புக் கரைசலைச் சிறு பரீட்சையாகப் பக்கத்தில் செய்து பாருங்கள்.

செய்யும் முறை

நல்ல நீர் வேண்டும். மழைநீர் அல்லது குடிநீர்க் கிணற்று நீர் உத்தமம். ஒரு பேணி விதைக்கு ஒரு செம்பு நீர் போதும் என்பதால், பவுசரில் வரும் குடிநீரிலிருந்தும் எடுக்கலாம். தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகளைப் பன்னிரண்டு மணித்தியாலம் முதல் ஒரு நாள் வரை ஊறவிடலாம். வெண்டியை ஓர் இரவு ஊறவிடலாம். பாகல், புடோல் போன்ற தடித்த தோல் விதைகளுக்கு ஒரு நாள் தேவை. பயறு, பயற்றை, போஞ்சி போன்ற அவரையினங்கள் மிகவும் கவனத்துக்குரியவை. அவை நீரை வேகமாக உறிஞ்சி வெடித்துவிடும். ஆழமான நீரில் மூச்சுமுட்டி அழுகிவிடும். அவற்றை எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஊறவிட வேண்டாம். நீரில் அமிழ்த்துவதைவிட ஈரச்சாக்கில் பரப்பி மூடுவது நல்லது. பீற்றூட் விதையை ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசினால், அதன் ஓட்டிலுள்ள முளைத்தலைத் தடுக்கும் பொருளும் கழுவப்பட்டுவிடும்.

உப்புக் கரைசலைப் பரீட்சிப்பதாயின் ஒரு லீற்றர் நல்ல நீருக்குத் தட்டையாக ஒரு தேக்கரண்டி கறியுப்பு போதும். அது ஏறத்தாழ 5 முதல் 6 கிராம் வரை இருக்கும். கடல்நீரை அள்ளி ஊறவைக்க வேண்டாம். அதில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கின்றது, விதை செத்துவிடும்.

ஊறியபின் நல்ல நீரில் அலசி, துணியில் அல்லது பாயில் நிழலில் பரப்பி, கையில் ஒட்டாத பதத்துக்கு உலர்த்த வேண்டும். வெயிலிற் காய விடக்கூடாது. அன்றோ மறுநாளோ விதைத்துவிட வேண்டும். ஊறி உலர்ந்த விதை நீண்ட காலம் இருப்பு நில்லாது. ஆகவே கையிலுள்ள விதை முழுவதையும் ஒரேயடியாக ஊறவைக்காமல், அன்று விதைக்கக்கூடியதை மட்டும் ஊறவையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பேணியிலும் பைக்கற்றிலும் வரும் விதைகளிற் சில சிவப்பு, நீலம், பச்சை நிறம் பூசப்பட்டிருக்கும். அது பூஞ்சணக் கொல்லி மருந்து. அத்தகைய விதையை ஊறவைத்தால் மருந்து நீரில் கரைந்து வீணாகும். கையிலும் பாத்திரத்திலும் ஒட்டும். அவற்றை ஊறவைக்க வேண்டாம். சிறுவர்களை அவற்றைத் தொடவிடவும் வேண்டாம். வெங்காயத்தைக் குமிழாக நடுபவர்களுக்கும் இந்த முறை பொருந்தாது. உண்மை விதையிலிருந்து நாற்று எடுப்பவர்களுக்கே பொருந்தும்.

நாம் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். உங்கள் தோட்டத்து மண்ணை மூன்று தட்டுகளில் நிரப்புங்கள். ஒன்றில் உலர்ந்த விதை ஐம்பது, இன்னொன்றில் நீரில் ஊறியது ஐம்பது, மூன்றாவதில் உப்புக் கரைசலில் ஊறியது ஐம்பது. மூன்றுக்கும் உங்கள் தோட்டக் கிணற்று நீரையே தெளியுங்கள். எத்தனையாம் நாள் எத்தனை முளைத்தன என்று பிள்ளைகளின் கொப்பியிற் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் மண்ணுக்கும் உங்கள் நீருக்கும் உரிய விடை கிடைத்துவிடும். எந்தப் புத்தகமும் அந்த விடையைத் தர முடியாது.

ஊறவைப்பதனால் ஆகாதவை

இப்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விதையை ஊறவைப்பது முளைப்பதற்கு உதவும். நாற்றின் முதற் சில வாரங்களுக்கு உதவும். அதன் பின்னர் பயிர் நாள்தோறும் குடிக்கப்போவது அதே கிணற்று நீரைத்தான். பூக்கும்போதும் காய்க்கும்போதும் உவர் தன் வேலையைக் காட்டும். சில ஆய்வுகள் வளர்ந்த பயிரிலும் நன்மை கண்டிருக்கின்றன என்பது உண்மையே. ஆனால் அதை நம்பிக் கடன் வாங்கி ஐந்து பரப்பு மிளகாய் வைப்பது அறிவுடைமையாகாது.

உலக உணவு விவசாய நிறுவனம் 1985இல் வெளியிட்ட நீர்த் தரம் பற்றிய நூலில் தெளிவான அளவுகள் தரப்பட்டுள்ளன. நீரின் உவர்த்தன்மை அதன் மின்கடத்துதிறனைக் கொண்டு அளக்கப்படுகின்றது. அளவுக்கருவியில் போஞ்சிக்கும் கரட்டுக்கும் 0.7, வெங்காயத்துக்கு 0.8, மிளகாய்க்கு 1.0, தக்காளிக்கு 1.7, பீற்றூட்டுக்கு 2.7 வரை காட்டினால் விளைச்சல் குறையாது. அளவு 2.9ஐ எட்டும்போது வெங்காய விளைச்சல் பாதியாகிவிடும், மிளகாய் 3.4இல் பாதியாகும், தக்காளி 5.0 வரை தாக்குப்பிடித்துப் பாதி தரும். இவை மீற்றருக்கு டெசிசீமன்ஸ் என்னும் அலகிலான எண்கள். அலகின் பெயரை மறந்தாலும் எண்ணை மறக்க வேண்டாம்.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கின்றது. பயிரைத் தெரிவதுதான் முதற் பரிகரணம். விதையை ஊறவைப்பது இரண்டாவது. உவர்க் கிணற்றில் வெங்காயமும் போஞ்சியும் வைத்துவிட்டு விதையை எவ்வளவு ஊறவைத்தும் பயனில்லை. பீற்றூட்டோ வளர்ந்தபின் உவரை நன்கு தாங்கக்கூடியது. முளைக்கும் பருவத்தில் மாத்திரம் நொய்ந்தது. இத்தகைய பயிருக்கே ஊறவைத்தல் முழுப்பயன் தரும்.

நாற்றுமேடைக்கு மாத்திரமாவது நல்ல நீர் ஊற்றுங்கள். ஒரு மேடைக்குத் தேவைப்படுவது சில வாளிகளே. வரம்புகட்டி விதைக்கும்போது வரம்பின் உச்சியில் விதையை இட வேண்டாம். நீர் ஆவியாகும்போது உப்பு அங்கேதான் பூத்து நிற்கும். விதையை வரம்பின் தோளில் இடுங்கள். வைக்கோலோ பனையோலையோ கொண்டு மண்ணை மூடுங்கள். மாட்டெருவும் கூட்டெருவும் தாராளமாக இடுங்கள். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மாரி மழையை ஓடவிடாது காணிக்கு வரம்பு கட்டித் தேக்குங்கள். உப்பை மண்ணிலிருந்து கீழே கழுவ மழையைவிடச் சிறந்த மருந்து வேறில்லை. ஆழிப்பேரலைக்குப் பின்னர் பல காணிகளை மீட்டுத் தந்தது அந்த மழையே.

கிணற்றையும் கவனியுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கற் பாறைக்குள் மழைநீர், கீழேயுள்ள கடல்நீரின் மேல் ஒரு படலமாக மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஓரடி நின்றால், கீழே அது ஏறத்தாழ நாற்பது அடி நிற்கும் என்பது நிலத்தடி நீர் பற்றிய விதி. மேலே ஓரடியை நாம் இறைத்துத் தாழ்த்தினால், கீழேயுள்ள உவர் நாற்பது அடி மேலே வரப் பார்க்கும். துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் மனிதரின் களைப்பே கிணற்றைக் காத்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஆகவே சிறிது சிறிதாக இறைப்பதும், இடையில் ஊறவிடுவதும், கிணற்றை அடிவரை வற்றவிடாதிருப்பதும் எமது கடமை. சுனாமிக்குப் பின்னர் கிணறுகளைத் துப்புரவாக்குவதாகச் சொல்லி மீண்டும் மீண்டும் இறைத்த சில இடங்களில் உவர் கூடியதை நாம் மறக்கக்கூடாது.

பொறுப்பு யாருடையது?

எமது அனுபவத்தில், விதைப் பைக்கற்றைக் கொடுப்பது இலகு. படம் எடுக்கலாம், அறிக்கையில் எண்ணிக்கை எழுதலாம். எத்தனை பைக்கற்றுகள் கொடுக்கப்பட்டன என்று எல்லா அறிக்கைகளிலும் இருக்கும். எத்தனை விதைகள் முளைத்தன என்று எழுதிய அறிக்கை ஒன்றைக் காண்பது அரிது. கொடுத்த விதை அந்தக் கிணற்று நீரில் முளைக்குமா என்று கேளாமல் கொடுப்பது தானமாகாது. முளைக்காத விதையால் ஒரு குடும்பம் இழப்பது ஒரு பைக்கற்றை மாத்திரமல்ல. கொத்திய கூலியையும், இறைத்த எண்ணெயையும், ஒரு போகத்தையும், ஈடுவைத்த காப்பையும் இழக்கின்றது. அதைவிடப் பெரிதாக, "என்னால் விவசாயம் செய்ய முடியும்" என்ற நம்பிக்கையை இழக்கின்றது. சொந்த ஊரில் பெயர்பெற்ற தோட்டக்காரர் ஒருவர் வந்த இடத்தில் இரண்டு போகம் தோற்றால், மூன்றாம் போகம் மண்வெட்டியைத் தொடமாட்டார். அவருடைய அறிவு அவருடனேயே முடிந்துவிடும்.

ஆதலால் உதவி செய்வோரிடம் நாம் கேட்பது மூன்று. முதலாவது, காணி வழங்குவதற்கு முன்னரும் விதை வழங்குவதற்கு முன்னரும் கிணற்று நீரை அளந்து, அந்த எண்ணை விவசாயியின் கையில் எழுதிக் கொடுங்கள். அளவுக்கருவி ஒரு கையடக்கப் பொருள். ஒரு கிராமத்துக்கு ஒன்று போதும். இரண்டாவது, அந்த எண்ணுக்கு ஏற்ற பயிரின் விதையைக் கொடுங்கள். விதையுடன் அதனை ஊறவைக்கும் முறையையும் விவசாயப் போதனாசிரியர் மூலம் செய்துகாட்டுங்கள். அந்தச் செய்கைக்குப் பெண்களை முதலில் அழையுங்கள். ஏனெனில் விதை அவர்களுடைய கையில்தான் இருக்கின்றது. மூன்றாவது, உவர் மிகுந்த காணியைக் கொடுத்துவிட்டு, "விதையைப் பரிகரித்தால் எல்லாம் விளையும்" என்று சொல்லாதீர்கள். அளவு 3.0ஐத் தாண்டிய நீரைப் பாசனத்துக்குப் பயன்படுத்தக் கடுந்தடை உண்டு என்று அதே 1985ஆம் ஆண்டு நூல் சொல்கின்றது. அத்தகைய இடத்தில் குடும்பங்களைக் குடியேற்றுவோர் வேறு காணியோ வேறு நீரோ தரக் கடமைப்பட்டவர்கள். விதைமேல் அந்தக் கடமையைச் சுமத்த முடியாது.

"காணி திரும்பக் கிடைத்தபின் பார்ப்போம், அதுவரை இந்த உவரோடு மல்லுக்கட்டுவதேன்" என்று கேட்பவர்களும் எம்மிடையே இருக்கின்றனர். அவர்களுடைய வேதனை எமக்கு விளங்குகின்றது. காணி கேட்பதை ஒருநாளும் கைவிடக்கூடாது. ஆனால் காணி கிடைக்கும் நாளில் அதனைச் செய்யத் தெரிந்த கை வேண்டும். முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளை விதையை எங்கே கற்றுக்கொள்ளும்? ஒரு தட்டு மண்ணில் ஐம்பது விதையை எண்ணி இட்டு, முளைத்ததை எண்ணி எழுதும் பிள்ளை, விவசாயத்தின் அரிச்சுவடியைக் கற்றுவிட்டது. அதற்குச் சொந்தக் காணி தேவையில்லை. ஒரு தட்டும் ஒரு கொப்பியும் போதும்.

இந்தப் போகத்தில் விதைக்கப்போகும் ஒவ்வொரு குடும்பமும் அந்த மூன்று தட்டுப் பரீட்சையைச் செய்ய வேண்டுமென்று விரும்புகின்றோம். ஒரு கிராமத்தில் பத்துக் குடும்பங்கள் செய்து, பத்துக் கொப்பிகளையும் கமநல சேவை நிலையத்தின் மேசையில் வைத்தால், அதை எவரும் கதை என்று தள்ளிவிட முடியாது. விதை முளைக்கவில்லை என்று அடுத்த முறை யாராவது விவசாயியைக் குற்றஞ்சாட்டும்போது, பதில் சொல்ல எழுதிய எண்கள் இருக்கும்.